கேம்கார்டர் வாங்கப் போகிறீர்களா? படத்துக்கு முன் ஒலியைச் சோதியுங்கள்

பாட்டி சொல்வதையெல்லாம் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்றுதான் கேம்கார்டர் வாங்கினேன். ஒரு நாள் பிற்பகல் முழுக்க உட்கார்ந்து பேசினார். படம் பிரமாதம், நெற்றிச் சுருக்கங்களை எண்ணிவிடலாம். ஒலிதான் கெடுத்துவிட்டது. பாட்டி பேசும்போது ஒன்றும் தெரியவில்லை. யோசிப்பதற்காக இரண்டு நொடி நிறுத்தினார் என்றால் போதும், தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியின் சத்தம் மெல்ல ஏறி வந்து அறையை நிரப்பிவிடுகிறது. அவர் மறுபடி வாயைத் திறந்ததும் அது பதுங்கிக்கொள்கிறது. இரண்டு மணி நேரப் பதிவிலும் இதே கதை.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. ஒலி குறைந்தால் தானாகக் கூட்டு, கூடினால் தானாகக் குறை என்று அதற்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது தன் வேலையைத்தான் செய்தது. அதை அணைக்கும் வழி அந்த மாடலில் கிடையாது. வாங்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை. ஜூம் எத்தனை மடங்கு, திரை எத்தனை அங்குலம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேமரா வாங்கும்போது செய்த சோதனைகளைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். மொத்தமாக ஒரு மாலைப் பொழுதும், கேமரா கைக்கு வந்தபின் ஒரு விடுமுறை நாளும் போதும்.

1. முழுக் கையேட்டைப் பதிவிறக்குங்கள்

பெட்டியில் வரும் மடிப்புத்தாள் கையேடு அல்ல. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான முழுக் கையேடு பிடிஎஃப் கோப்பாக இலவசமாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். மாடல் எண்ணை ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். ஒரே வரிசையில் வரும் இரண்டு கேமராக்கள் வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். விலை குறைந்ததில் வெளி மைக் செருகும் துளையான மைக் ஜாக்கையே எடுத்திருப்பார்கள்.

கையேட்டில் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டியவை ஐந்து: வெளி மைக் செருகும் இடம் உண்டா, ஹெட்ஃபோன் செருகும் இடம் உண்டா, ஒலி அளவைக் கையால் மாற்ற முடியுமா, எந்தப் பதிவு வடிவத்தில் ஒலி எப்படிச் சேமிக்கப்படுகிறது, மேலே மைக் மாட்டும் ஷூ எந்த வகை. அப்புறம், சிறப்பு வசதிகளின் பக்கத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். 'இந்த முறையில் ஒலி பதிவாகாது' என்ற வரி எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

2. கையோடு எடுத்துப் போக வேண்டியவை

உங்களுடைய மெமரி கார்டு ஒன்று, காதை முழுதாக மூடும் ஒயர் ஹெட்ஃபோன் ஒன்று. ஏற்கெனவே மைக் வைத்திருந்தால் அதுவும். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும், எதை நம்புவது என்று குழம்பிப்போவீர்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவில் உங்கள் கார்டைப் போட்டுப் பதிவு செய்யலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். மறுத்தால், வாங்கிய பின் திருப்பித் தரும் அவகாசத்துக்குள் வீட்டில் செய்துகொள்ளலாம்.

3. துளைகளைப் பாருங்கள்

நுகர்வோர் கேமராக்களில் மைக் ஜாக் என்பது 3.5 மில்லிமீட்டர் துளை. ஹெட்ஃபோனுக்கும் அதே அளவுதான். இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். சில மாடல்களில் ஹெட்ஃபோனும் டிவிக்குப் போகும் ஏவி ஒயரும் ஒரே துளையைப் பங்குபோட்டுக்கொள்ளும். மெனுவில் போய் ஹெட்ஃபோன் என்று மாற்றினால்தான் காதில் சரியாகக் கேட்கும். இது தெரியாமல் ஜாக் பழுது என்று சர்வீஸுக்குக் கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுப்பது? மைக் ஜாக்கை விடாதீர்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் அரை மனதோடு. ஹெட்ஃபோன் இல்லாமல் வெளி மைக் மாட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி. மைக்கின் பேட்டரி தீர்ந்திருக்கும், சுவிட்ச் அணைந்திருக்கும், பின் அரைகுறையாகச் செருகியிருக்கும். கேமரா எதையும் சொல்லாது, வெறும் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டே போகும்.

மைக்கின் பின்னைக் கையில் எடுத்து அதன் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் கேமராவுக்கான டிஆர்எஸ் வகை. மூன்று என்றால் கைபேசிக்கான டிஆர்ஆர்எஸ். கைபேசி மைக்கைக் கேமராவில் நேராகச் செருகினால் ஒலியே வராமல் போகலாம், அல்லது மெலிந்து வரலாம். நடுவே சின்ன மாற்றுஒயர் தேவை. வளையம் ஒன்றே ஒன்று இருந்தால் அது மோனோ, ஒலி இடது காதில் மட்டும் விழ வாய்ப்பு உண்டு. எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம், பயப்பட வேண்டாம்.

சிறிய மைக்குகள் பலவற்றுக்கும் கேமராவே ஜாக் வழியாக இரண்டு மூன்று வோல்ட் மின்சாரம் தர வேண்டியிருக்கும். பிளக்-இன் பவர் என்று கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். மேடைக் கச்சேரிகளில் பயன்படும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேறு விஷயம்; அது எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனைத் துளை உள்ள பெரிய கேமராக்களில்தான் வரும்.

ஷூவையும் தடவிப் பாருங்கள். உள்ளே உலோகத் தொடுமுனைகள் இருந்தால் அந்த நிறுவனத்தின் மைக் ஒயரே இல்லாமல் வேலை செய்யும். வசதிதான், ஆனால் நாளைக்கு வேறு நிறுவனக் கேமராவுக்கு மாறினால் அந்த மைக்கை அதில் மாட்ட முடியாது.

4. ஐந்து நிமிடச் சோதனைப் பதிவு

எல்லாவற்றையும் ஒரே பதிவாக எடுங்கள். ஒவ்வொன்றைத் தொடங்கும்போதும் என்ன செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பின்னால் கேட்கும்போது எது எது என்று தெரியாது.

முதலில் 30 நொடி யாரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதியுங்கள். கேமராவின் சொந்த இரைச்சல் இதில்தான் தெரியும்.

அடுத்து யாரையாவது ஒரு மீட்டரில் நிறுத்தி ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு இரண்டு மீட்டர், நான்கு மீட்டர். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். ஒன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது 12 டெசிபல். அறையின் எதிரொலி மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். நான்கு மீட்டர் பதிவு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்பது இதனால்தான். எந்தக் கேமராவும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. வெளி மைக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிவையே போட்டுக் காட்டலாம்.

மூன்றாவது, முதல் கேமராவில் நான் செய்யாமல் ஏமாந்த சோதனை. மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையில் சாதாரணக் குரலில் பத்து நொடி பேசுங்கள், பத்து நொடி சும்மா இருங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். நீங்கள் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சத்தம் ஏறுகிறதா? ஏறினால் அது தானியங்கி ஒலி அளவு. கொஞ்சம் ஏறுவது எல்லாக் கேமராவிலும் உண்டு. அலை அடிப்பது போல் ஏறி இறங்கினால் நீண்ட பேச்சுக்கு அந்த அமைப்பு உதவாது.

நான்காவது, மைக் பக்கத்தில் ஒரு தடவை பலமாகக் கைதட்டிவிட்டு உடனே மெதுவாகப் பேசுங்கள். கைதட்டலுக்குப் பயந்து ஒலியைக் குறைத்த கேமரா, உங்கள் பேச்சின் முதல் சொற்களை விழுங்கிவிடுகிறதா என்று பார்க்கத்தான் இது.

ஐந்தாவது, கேமரா எழுப்பும் சத்தங்கள். ஜூமை மெதுவாகவும் வேகமாகவும் இழுங்கள். திரையைத் தொட்டு மெனுவைத் திறங்கள். பிடியை மாற்றிப் பிடியுங்கள். சார்ஜரைச் செருகி ஒரு நிமிடம் விடுங்கள். அடியில் ஒரு சீரான உறுமல் சேர்ந்தால் அது மின் இணைப்பிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஒலி. அப்படியென்றால் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டியிருக்கும், கூடுதல் பேட்டரிச் செலவையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்

கேமராவின் சின்ன ஸ்பீக்கரில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். கோப்பைக் கணினியில் போட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலியைத் திறந்தால் அலைவடிவம் தெரியும். கைதட்டிய இடத்தில் அலையின் உச்சி மொட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் ஒலி வரம்பு மீறிவிட்டது என்று அர்த்தம். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

விஎல்சி பிளேயரில் கோப்பின் கோடெக் விவரத்தையும், அதாவது ஒலி எந்த முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஏவிசிஎச்டி பதிவில் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல், எம்பி4 பதிவில் பெரும்பாலும் ஏஏசி. இரண்டும் சுருக்கிய ஒலி. சில கேமராக்களின் உயர்தர வடிவங்களில் சுருக்காத பிசிஎம் கிடைக்கும். பேச்சுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. பாட்டு, வாத்தியம் என்றால் பிசிஎம் பக்கம் சாயுங்கள்.

தொலைவில் எடுத்த காட்சியில் உதடும் ஒலியும் பொருந்தவில்லையே என்று கேமராவைத் திட்டாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 20 மீட்டர் தள்ளி நின்றால் வந்து சேர ஏறத்தாழ 58 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பதிவில் அது ஒன்றரை ஃபிரேம்.

6. ஒலி அளவைக் கையால் வைக்க முடிகிறதா?

மெனுவில் வசதி இருந்தால் மட்டும் போதாது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற முடிகிறதா, மாற்றும்போது 'டிக்' என்று சத்தம் விழுகிறதா, ஒலி அளவைக் காட்டும் லெவல் மீட்டர் எப்போதும் திரையில் நிற்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். மீட்டர் மெனுவுக்குள் மட்டும் தெரிந்தால் நிகழ்ச்சி நடக்கும்போது அதைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

சாதாரணப் பேச்சின் உச்சி மைனஸ் 12 டெசிபல் அருகே ஆடும்படி வையுங்கள். யாராவது திடீரென்று சிரித்தால், கத்தினால் மேலே ஏற இடம் இருக்கும். மீட்டரின் உச்ச வரம்பு பூஜ்யம்; அதைத் தொட்டால் கரகரப்புதான்.

7. காற்று, ஜூம் மைக், 5.1

காற்றுத் தடுப்பு வசதி தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும், அவ்வளவுதான். ஆண்குரலின் அடித்தளம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் அறைக்குள்ளும் இதை ஓட விட்டால் குரல் தகர டப்பாவில் பேசுவது போல் மெலிந்துவிடும். வெளியே போனால் மட்டும் போடுங்கள். பலமான காற்றுக்கு மைக்கின் மேல் மாட்டும் ரோம உறைதான் மருந்து. பஞ்சு உறை லேசான காற்றோடு சரி.

ஜூம் மைக் என்ற பெயரைப் பார்த்துத் தூரத்துக் குரலை அருகில் இழுத்து வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முன்பக்க ஒலியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். அறையில் நான்கு மீட்டரில் அதைப் போட்டும் போடாமலும் பதிந்து பாருங்கள். எனக்கு வித்தியாசம் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான் இருந்தது.

சுற்றிலும் ஆறு ஸ்பீக்கரில் கேட்பதற்கான 5.1 ஒலிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலோர் பார்க்கப்போவது கைபேசியில். போதாததற்குச் சில எடிட்டிங் மென்பொருள்கள் அந்தக் கோப்பை எடுக்காமல் முரண்டு பிடிக்கும். மெனுவில் இரண்டு சேனல் ஸ்டீரியோவுக்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. சிறப்புப் பதிவு முறைகளில் ஒலி என்ன ஆகிறது?

பெட்டியின் மேல் பளிச்சென்று அச்சிட்டிருப்பது இவற்றைத்தான். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ஒலி பதிவாகிறதா?

மெதுவியக்கத்தில் பெரும்பாலும் ஆகாது. நொடிக்கு 120 ஃபிரேம் எடுத்து 30 ஆக ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகும். அதோடு ஒலியைச் சேர்க்க வழியில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சில மாடல்கள் ஒரு தடவைக்குச் சில நொடிகள்தான் எடுக்கும், படத்தின் துல்லியமும் இறங்கிவிடும். கேக் வெட்டும் நொடியை இதில் எடுத்துவிட்டு 'பாட்டுச் சத்தம் எங்கே' என்று வீட்டில் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். சில நொடிக்கு ஒரு ஃபிரேம் என்று எடுக்கும் இடைவெளிப் பதிவிலும் (டைம்லாப்ஸ்) ஒலி கிடையாது, ஆனால் அதில் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

முன்பதிவு வசதியைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய மூன்று நொடியையோ அதை ஒட்டிய நேரத்தையோ கேமரா நினைவில் வைத்திருந்து சேர்த்துக்கொள்ளும். குழந்தைகளை எடுப்பவர்களுக்கு இது வரம். பேட்டரி வேகமாகக் குறையும், குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் சில மாடல்களில் தானே அணைந்தும்விடும். சோதிக்கும்போது உங்கள் வாய்மீதும் கவனம் இருக்கட்டும். 'ஐயோ, எந்தப் பொத்தான்?' என்று முணுமுணுத்ததும் சேர்ந்து பதிவாகியிருக்கும்.

இரண்டு கார்டு துளைகள் இருந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். தொடர்பதிவு என்றால் ஒன்று நிறைந்ததும் மற்றதுக்குத் தாவும். இணைபதிவு என்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும், ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். மறுபடி நடக்காத நிகழ்ச்சிகளுக்கு இணைபதிவுதான். தொடர்பதிவில் தாவும் இடத்தில் ஒலி அறுபடுகிறதா என்பதைச் சிறிய கார்டு ஒன்றைப் போட்டு, அது நிறையும் வரை நிறுத்தாமல் பேசிச் சோதிக்கலாம்.

இரவு முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அகச்சிவப்பு வகை சில மீட்டர் தூரம்தான் எட்டும், மெதுவான ஷட்டர் வகையில் அசைவெல்லாம் இழுபடும்.

9. நேரமும் கார்டும்

கணக்கு எளிது. பதிவு வேகம் நொடிக்கு 24 மெகாபிட் என்றால் 3 மெகாபைட், ஒரு மணிக்கு 10.8 ஜிபி. 32 ஜிபி கார்டில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். 4கே பதிவில் 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒரு மணி 25 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த வேகத்துக்குக் கார்டின் மேல் யூ3 அல்லது வி30 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத பழைய கார்டைப் போட்டால் பதிவு பாதியில் நிற்கலாம்.

32 ஜிபி வரையான கார்டுகள் எஃப்ஏடி32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் இருப்பதால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட பதிவைக் கேமரா தானாகவே துண்டு துண்டாக்கிவிடும். துண்டுகளை நேராக எடிட்டிங்கில் அடுக்கினால் ஒட்டும் இடத்தில் ஒலி ஒரு கணம் விக்கும். தயாரிப்பாளரின் மென்பொருள் வழியாக இறக்கினால் பெரும்பாலும் சரியாக ஒட்டிக்கொள்ளும்.

விடுமுறை நாளில் ஒரு முறையாவது 40 நிமிடம் நிறுத்தாமல் 4கேயில் ஓட்டிப் பாருங்கள். சில கேமராக்களில் சூடேறியதும் உள்ளே சின்ன விசிறி சுழலத் தொடங்கும். ஐந்து நிமிடச் சோதனையில் இது மாட்டாது.

10. பெட்டிக்கு வெளியே ஆகும் செலவு

வெளி மைக், ஹெட்ஃபோன், தகுதியான கார்டு, கூடுதல் பேட்டரி, ரோம உறை. இந்த ஐந்தையும் சேர்த்தால்தான் கேமராவின் உண்மையான விலை. மைக் ஜாக் இல்லாத மலிவான மாடலை வாங்கிவிட்டால் தனி ஒலிப்பதிவுக் கருவி வாங்க வேண்டி வரும், ஒவ்வொரு முறையும் கைதட்டி, அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்த வேண்டும். ஒரு மணி நேரப் பதிவில் இரண்டும் மெல்ல விலகிப்போவதும் உண்டு. கையில் பணம் குறைவாக இருந்தால் ஜூமில் ஒரு படி இறங்குங்கள், ஜாக்கில் இறங்காதீர்கள்.

11. ரசீதும் அவகாசமும்

பில்லில் மாடல் எண்ணும் தொடர் எண்ணும் இருக்கின்றனவா, அவை கேமராவின் அடியில் உள்ள எண்ணோடு பொருந்துகின்றனவா என்று கடையை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் கேளுங்கள். திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம், பெட்டியைத் திறந்துவிட்டால் அது செல்லுமா, எழுதித் தருவார்களா, இவற்றை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவகாசத்தின் கடைசி நாளுக்குச் சோதனையைத் தள்ளாதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் நான்காம் படியிலிருந்து ஒன்பதாம் படி வரை முடித்துவிடுங்கள். அதுவரை பெட்டி, தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை எதையும் எறியாதீர்கள்.

குறை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் 20 நொடித் துண்டாக வெட்டிக் கைபேசியில் வைத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் நின்று வாயால் விளக்கினால் 'எல்லாக் கேமராவும் அப்படித்தான் சார்' என்பார்கள். துண்டைப் போட்டு, ஹெட்ஃபோனை அவர் கையில் கொடுங்கள்.